குதிரையிடம் சொன்ன சட்டம்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். ஆனாலும் ஒரு பூண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இது மலையின் எந்தச் சரிவில் விளைந்தது, உறைபனி விழுவதற்கு முன்னால் பிடுங்கியதா பின்னால் பிடுங்கியதா என்று சொல்ல, இந்தப் பழனி மலையில் என்னைத் தவிர ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. கொடைக்கானல் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்க மனமில்லாதவர்கள் என் வீட்டு வாசலில் நிற்கும் நாலு லாரிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

லாரிகளெல்லாம் பின்னால் வந்தவை. நான் எழுத உட்கார்ந்தது அவற்றைப் பற்றியல்ல. போரில் செத்த சிப்பாய்களின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்க மதராஸ் சட்டசபையில் ஒரு சட்டம் வந்தது. அதில் ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரியை எடுக்கவைத்தவன் நான். இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேருக்கு அதனால் என்ன என்று இருந்தது. அந்த வரி என் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதை மட்டும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் இந்தச் சரிவுக்கு வந்தபோது இங்கே புதரும் கல்லும்தான் கிடந்தன. தனி ஆளாக வெட்டி, கல் அடுக்கி, படிப்படியாக வயல் கட்டினேன். என் பெண்டாட்டி மூன்று குளிர்காலம் பார்த்தாள். நாலாவதற்கு முன்னால் தாய்வீட்டுக்குப் போனாள். அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தவன் ஒரு தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு நான்தான் அவனுக்குச் சோறு வடித்துப் போட்டவன். மீசை முளைத்ததும் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். "மலையில நீ ஒருத்தன் குளிர்ல சாகுறது போதாதா, நான் வடக்க போயிச் சம்பளத்தோட சாகுறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

முதல் லீவில் வந்தபோது பெரியகுளம் பக்கத்தில் அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பெண் பார்த்துக் கட்டிவைத்தேன். என் வீட்டுக்குக் கீழே இரண்டு வயல் இறங்கினால் ஒரு மேடு. அங்கே அவர்களுக்கு மண்சுவர் வைத்து ஒரு வீடு எழுப்பிக் கொடுத்தேன். லீவு முடிந்தது, அவன் போனான். மேல்வீட்டில் நான், கீழ்வீட்டில் அவள்.

எங்கள் சனத்தில் தம்பி பெண்டாட்டி என்றால் மூத்தாருக்கு, அதாவது புருஷனின் அண்ணனுக்கு, மருமகள் மாதிரி. மாதிரி என்ன, அதைவிடக் கண்டிப்பு. மூத்தார் வரும் பாதையில் அவள் எதிரே வரக் கூடாது. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் இது ஒன்றும் பெரிய சங்கடம் இல்லை. நடுவே சொல்லிவிட ஆள் இருக்கும். எங்களுக்கு நடுவே இருந்தது என்னுடைய மட்டக்குதிரை ஒன்றுதான். உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிற சாம்பல் நிறக் குதிரை.

தம்பி போன அந்த வாரமே அவள்தான் தொடங்கினாள். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி, "உப்பு தீந்து போச்சு. சந்தைக்குப் போறவுக யாராச்சும் வாங்கியாந்தா நல்லா இருக்கும். என்ன குதிர, நீ சந்தைக்குப் போவேல்ல?" என்றாள்.

நான் இருபதடி தள்ளி வரப்பில் நின்று, குதிரையைப் பார்த்து, "ஏலே, உப்பு போதுமா, புளியும் வேணுமான்னு வெவரமாக் கேட்டுச் சொல்லு" என்றேன்.

அப்படியே பழகிப்போனது. வயலில் தண்ணீர் விடுவது, பட்டாணிக்குக் கொம்பு நடுவது, பணிக்கு ஆள் கூப்பிடுவது, அவன் எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது, எல்லாம் குதிரை வழியாகத்தான். அவள் குழம்பு வைத்தால் தூக்குச்சட்டியும் குதிரைச் சேணத்தில் தொங்கித்தான் மேலே வரும். சந்தையில் என் கூட்டாளிகள் சிரிப்பார்கள். "உங்க வீட்டுக் குதிரைக்கு ஊர்ச் சோலி பூராத் தெரியுமாம்ல" என்பார்கள். தெரிந்தால் என்ன. ஐந்து வருஷத்தில் அவளும் நானும் ஒரு தடவைகூட நேருக்கு நேர் பேசவில்லை, ஒரு தடவைகூடச் சண்டை போடவுமில்லை. இந்த மலையில் எந்தக் குடும்பத்துக்கு அந்தப் பெருமை உண்டு.

பிறகு சீனாக்காரன் சண்டை வந்தது. தந்தி முன்சீப் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஊரில் நிலவரி வாங்குவதும், சர்க்கார் காகிதத்தைப் படித்துச் சொல்வதும் அவர்தான். அவர் இரண்டு தடவை படித்தார். பனி மலையில், உடம்பு கிடைக்கவில்லை என்று இருந்தது.

நான் கீழ்வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் பூண்டுத் தாளைப் பின்னிக் கட்டிக்கொண்டிருந்தாள். குதிரை அங்கேதான் நின்றது. அதன் கழுத்தில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். பின்னிக்கொண்டிருந்த தாள் மடியிலிருந்து சரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. நான் சொல்லாததும் இவளுக்குப் புரியும் என்று.

அவள் அம்மா மேலே வந்து மூன்று மாதம் இருந்தார். "இந்தக் குளிர்ல கெடந்து என்ன செய்யப் போற, கீழ வந்துரு" என்று மகளை நச்சரித்தார். அவள் போகவில்லை. அவன் கட்டிய வேலி, அவன் வைத்த பேரிக்காய் மரம், அதெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று சொன்னாளாம். அம்மாவுக்கு மூட்டுவலி தாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மறுபடி நானும் அவளும். காலையில் எழுந்து வந்தால் முதலில் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பேன். புகை வருகிறதா என்று. மூடுபனியும் புகையும் ஒரே நிறமாக இருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் பிரிந்து தெரியும். புகையைப் பார்த்த பிறகுதான் என் அடுப்பைப் பற்றவைப்பேன். ஆறாயிரம் அடி உயரத்தில் காய்கறி விளைவித்து மதுரை வரைக்கும் அனுப்பிய ஆள், காலையில் அடுப்புப் பற்றவைக்க இன்னொரு வீட்டுப் புகைக்குக் காத்திருந்தான். நான் இதை மறைக்கவில்லை.

அவளுக்கு அங்கே ஒரு பிடிமானம் வேண்டும் என்று நினைத்தேன். கீழ்வீட்டை ஒட்டி மூன்று ஏக்கர் சர்க்கார் புறம்போக்கு கிடந்தது. நல்ல மண், ஓடைத் தண்ணீர் உண்டு. செத்துப்போன சிப்பாயின் பெண்டாட்டிக்கு அதை வாங்கிக் கொடுத்தால் என்ன. தாலுகா ஆபீசில் கேட்டேன். குமாஸ்தா, "அதுக்கெல்லாம் சட்டம் வரணும்யா" என்றார். சட்டம் யார் போடுவது என்று கேட்டேன். "சட்டசபையில" என்றார். சரி, சட்டசபைக்காரனையே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். என் வழக்கம் அது. படித்தவனுக்கு நாலு வாசல் தெரியும், நாலிலும் நிற்பான். எனக்குத் தெரிந்தது ஒரு வாசல், நேரே தலைவாசல்.

எங்கள் தொகுதியின் சட்டசபை மெம்பர் அடிவாரத்துக்காரர். சீசன் சமயத்தில் கொடைக்கானல் டிராவலர்ஸ் பங்களாவில் வந்து தங்குவார். ஒரு கூடைப் பூண்டோடு போனேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "என்னய்யா, லஞ்சமா?" என்றார்.

"லஞ்சம்னா பிளம்ஸ் கொண்டாந்திருப்பேங்க. இது வாயுவுக்கு."

சிரித்துவிட்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கேட்ட பிறகு அவர், "நீ கேக்குறதுக்கு முந்தியே இது சபைக்கு வரப்போகுது. ஜவான் குடும்பத்துக்கு நிலம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு இல்ல, எல்லாரும் ஆதரிப்பாங்க. இதுக்கு எவன் கையத் தூக்காம இருப்பான்?" என்றார்.

"அதுல எங்க மூணு ஏக்கரு வருமாங்க?"

"வரவைப்போம்."

மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவர் மேசையில் டைப் அடித்த காகிதம் இருந்தது. சபையில் வைக்கப்போகும் சட்டத்தின் நகல். தமிழில் எனக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். நிலம் விதவையின் பேருக்கே பட்டா. விற்கக் கூடாது. நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

"இங்க ஒரு நிபந்தனை இருக்கு. அந்தப் பொண்ணு மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா நிலம் சர்க்காருக்குத் திரும்பிரும்."

"சரிங்க."

"ஆனா செத்துப்போனவனோட கூடப்பொறந்தவனக் கட்டிக்கிட்டா நிலம் நிக்கும். வடக்க அந்த வழக்கம் இருக்கு. அங்க உள்ள விதியப் பாத்து இங்க எழுதியிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். "நீயும் ஒத்த ஆளு. அதுவும் ஒத்தப் பொண்ணு. சட்டமே வழி விட்டிருக்கு. யோசிச்சுப் பாரேன்."

"மெம்பரய்யா, எங்க சனத்துல தம்பி பொண்டாட்டி மருமக. உங்க வாயிலருந்து வந்ததால நின்னுகிட்டிருக்கேன். வேற ஆளுன்னா இந்த மேச இங்க இருக்காது" என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, "தெரியாமச் சொல்லிட்டேன், விடு" என்றார். நான் கும்பிடு போடாமல் வெளியே வந்தேன். ஒரு மெம்பரை அவர் பங்களாவிலேயே அப்படிப் பேசிவிட்டு வந்த ஆள் இந்த மலையில் நான் ஒருத்தன்தான்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நிலத்தின் நிபந்தனையை அவளிடம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இருபத்து மூன்று வயதுதான். நாளைக்கு யாராவது கேட்டு வந்தால், இன்னது கையைவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தேன். அவள் வயலில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று குதிரையின் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே சொன்னேன்:

"கேட்டியாலே குதிர. மூணு ஏக்கரு வரப்போகுது. பட்டா அவுக பேருக்குத்தான். ஆனா வேற கல்யாணம் கட்டுனா சர்க்காரு திரும்ப எடுத்துக்கிருவானாம். செத்தவனோட தமையனக் கட்டுனா மட்டும் நெலம் நிக்குமாம். அப்படித்தான் எழுதியிருக்கு."

அதோடு நிறுத்திவிட்டேன்.

இன்னும் ஒரு வார்த்தை இருந்தது. மெம்பரிடம் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது. ஆனால் அதைச் சொல்வதென்றால் அவளையும் என்னையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட அந்த நினைப்பை அவள் முன்னால் வாயில் எடுக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் அதுவே அசிங்கம். அவளுக்குத்தான் எல்லாம் புரியுமே என்று இருந்துவிட்டேன்.

மண்வெட்டியின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வழக்கம் போலத்தான் போயின. குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருந்தாள். ஆனால் அதனிடம் ஒன்றும் பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுக் கூரையில் புகை இல்லை. பனி விலகட்டும் என்று நின்றேன். விலகிய பிறகும் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டிக் கிடந்தது. சாவி குதிரையின் கழுத்துக் கயிற்றில் முடிந்திருந்தது. குதிரைக்கு முன்னால் இரண்டு நாளுக்கு வேண்டிய புல். விறகு வெட்டப் போன பெண்கள் சொன்னார்கள், வெள்ளனே ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பெரியகுளத்துக்கு இறங்கும் அடுக்கம் பாதையில் அவள் இறங்கிப் போனதைப் பார்த்தோம் என்று.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து டீக்கடையில் முன்சீப் என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னப்பா, சட்டப்படி மாப்பிள்ள ஆகப்போறியாமே. பொண்ணக் காணோமே" என்றார். பங்களாவில் சமையல் செய்கிறவன் அவருடைய மச்சான். மெம்பர் சொன்னது முழுக்க அவன் காதில் விழுந்திருக்கிறது. நான் சொன்னது விழவில்லை போலிருக்கிறது.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கிளாசைக் கீழே வைத்தேன். குதிரையிடம் நான் சொன்னதை ஒரு பெண்பிள்ளை தள்ளி நின்று கேட்டால் அது எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் எனக்குக் கேட்டது. தமையனைக் கட்டினால் நிலம் நிற்கும் என்று தமையனே வந்து சொன்னால், அதற்கு என்ன அர்த்தம்.

உடனே இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிப் போவது. தனியாளாக, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, விதவையின் தாய்வீட்டு வாசலில் போய் நின்றால், பெண் கேட்க வந்தவன் என்றுதான் அந்த ஊர் சொல்லும். "நான் கேட்கவில்லை" என்று சொன்னால், பிறகு எதற்கு வந்தாய் என்பார்கள். அந்த வரி காகிதத்தில் இருக்கிறவரைக்கும் நான் எதைச் சொன்னாலும் அது மூன்று ஏக்கருக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும். அந்த வரி போக வேண்டும். அவள் யாரைக் கட்டினாலும், கட்டாவிட்டாலும், நிலம் அவளுடையது என்று ஆக வேண்டும். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் அதில் ஒரு மரியாதை இருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டால், அந்த மாதிரி ஆசை இல்லை. தம்பி மேல் ஆணை. ஆனால் மெம்பர் அந்த வார்த்தையைச் சொன்னபோது, கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கண நேரம், கீழ்வீட்டில் புகை என்றைக்கும் நிற்காது என்ற நினைப்பு வந்தது. அதற்காகத்தான் அத்தனை கோபம் வந்ததோ என்னவோ.

மறுபடி மெம்பரிடம் போனேன். இந்தத் தடவை பூண்டு இல்லை. அவர் எழுந்தே நின்றுவிட்டார், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து.

"அந்த வரிய எடுக்கணுங்க."

"எதுக்கு?"

"அதால ஒரு பொண்ணு வீட்ட விட்டுப் போயிருச்சு."

நடந்ததைச் சொன்னேன். குதிரை விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு சொன்னார்: "நான் ஒருத்தன் எந்திரிச்சுப் பேசுனா, ஜவானுக்கு நிலம் கொடுக்குறத எதிர்க்குறான்னு பேரு வரும். ஜவான் குடும்பத்துக்காரங்களே எழுதிக் கொடுத்தா பேசலாம். இந்த மலையில எத்தன குடும்பம் இருக்கு, கொண்டாந்துரு."

நான் கிளம்பிவிட்டேன். சந்தையை விட்டேன். பட்டாணி அந்தப் பருவம் காய்ந்துபோனது, போகட்டும் என்று விட்டேன். பாச்சலூர் வரைக்கும் நடந்தேன், அங்கிருந்து திரும்பி அடுக்கம் வரைக்கும் நடந்தேன். பட்டாளத்தில் பிள்ளையைக் கொடுத்த வீடு எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்து விசாரித்துப் போனேன். எழுதிய காகிதம் என் பையில். முன்சீப்பிடம் எழுதச் சொல்ல மானம் தடுத்தது. நானே மூன்றாம் வகுப்பு எழுத்தில் எழுதியிருந்தேன்.

சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும், எதற்கு இந்த வரி வேண்டாம் என்கிறாய் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் என் மானத்தை நானே எடுத்து விரித்து வைக்க வேண்டியிருந்தது. பாதிப் பெரியவர்களுக்கு அந்த வரி பிடித்தும் இருந்தது. அடுக்கத்தில் ஒரு கிழவர், மகனைப் பறிகொடுத்தவர், என்னை வையாத குறை.

"மருமக வேற எடம் போனா நெலமும்ல கூடப் போகும்? எம்மகன் உசுரக் கொடுத்த நெலம், எவனோ ஒருத்தன் உழுகவா?"

"நெலத்தக் காட்டிக் கட்டிப்போட்டா அந்தப் புள்ள நிக்குமா பெரியவரே?"

"நிக்காட்டி என்ன. நெலம் நிக்கும்ல."

"உங்க மகன் யாருக்காக உசுரக் கொடுத்தான், நெலத்துக்கா?"

"நீ யாருய்யா எனக்குச் சொல்ல. உன் வீட்டுக் கத ஊரே சிரிக்குது."

நான் காகிதத்தை மடித்தேன். அப்போது உள்ளேயிருந்து, கதவு மறைவில், ஒரு கை மைக்கூட்டைத் தரையில் நகர்த்தி வைத்தது. "மாமா, வெரசா வைங்க. அவுக மலையேறணும்" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். கிழவர் அந்த மைக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கட்டைவிரலை மையில் தொட்டு, காகிதத்தில் வேண்டாவெறுப்பாக அழுத்தினார். மை அதிகமாகிக் கோடே தெரியவில்லை. இருந்தாலும் அந்த ரேகைதான் எல்லாவற்றிலும் பெரியது.

மலையில் இருந்த அத்தனை குடும்பமும் வைக்கவில்லை. வைத்தது போதும் என்றார் மெம்பர்.

சில மாதம் ஒரு தகவலும் இல்லை. இரண்டு வீட்டிலும் என் ஒருத்தன் காலடிதான். கீழ்வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவேன். குதிரையிடம் பேசுவதையும் விட்டுவிட்டேன். கேட்க ஆள் இல்லாதபோது குதிரையிடம் பேசினால் அது குதிரையிடம் பேசுவதாகிவிடும். சந்தைக்குப் போகும் நாள் தவிர, என் குரல் எனக்கே கேட்காமல் மூன்று நாள், நாலு நாள் போகும்.

பிறகு தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. சட்டசபையில் பேசியதை அச்சடித்த தாள்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு பகல் ஆனது. மெம்பர் எழுந்து பேசியிருக்கிறார். நிலம் கொடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன், இந்த ஒரு நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, நானும் அதையே சொல்ல வந்தேன் என்று சேர்ந்துகொண்டிருக்கிறார். மந்திரி ஒத்துக்கொண்டிருக்கிறார். நடுவே ஒரு இடத்தில், 'மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி என்னிடம் கூறினார்' என்று இருந்தது. அதன் கீழே நான் சொன்னது, கொஞ்சம் இலக்கணமாக மாற்றி. என் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, அந்த விவசாயி நான்தான். மெத்தப் படித்தவர்களில் எத்தனை பேருடைய பேச்சு அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டா உத்தரவு வந்த அன்றைக்கு அடுக்கம் பாதையில் இறங்கினேன். அடிவாரத்தில் வெயில் தாங்கவில்லை. பத்து வருஷமாகக் குளிரிலேயே இருந்த உடம்பு. அவள் வீட்டு வாசலில் அவள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. உள்ளே ஒரு நிழல் எழுந்து நின்றது.

நான் வாசல்படியைத் தாண்டவில்லை. வழக்கத்தை விட்டேன். அந்த நிழலைப் பார்த்தே பேசினேன்.

"அம்மாடி, இது பட்டா. நீ யாரக் கட்டுனாலும் இது உனக்குத்தான். அந்த வரிய எடுத்தாச்சு. அன்னைக்கு நான் கேக்கல. மெம்பரு சொன்னாரு, மாட்டேன்னு அவரு மூஞ்சியில சொல்லிட்டுத்தான் வந்தேன். அத உங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் வெளிச்சத்துக்கு வந்தாள். ஐந்து வருஷத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தும் அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. எனக்குத் தெரியாது.

"நீங்க கேக்கலேன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள். "நீங்க கேக்குற ஆளு இல்ல. ஆனா மாட்டேன்னு சொன்னேன்னும் நீங்க சொல்லலியே. ரெண்டு நாளு பாத்தேன். இன்னைக்குச் சொல்வாக, நாளைக்குச் சொல்வாகன்னு. சொல்லல. மேல ஒத்த ஆம்பள, கீழ ஒத்தப் பொம்பள. அப்படி ஒரு வரி இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா அந்த ரெண்டு வயலு எடவெளி போதுமா? நீங்க சொல்லியிருந்தா நான் அங்கயே கெடந்திருப்பேன்."

நான் பட்டாவை வாசல்படியில் வைத்தேன்.

அவள் அம்மாதான் பேச்சை மாற்றினார். பஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவன் கேட்டு வந்திருக்கிறானாம், பெண்டாட்டி செத்தவன், குணமானவன். பெண்ணுக்கு அப்பனும் இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை, முன்னால் நின்று நடத்த ஆள் இல்லை என்று இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்தார்.

"உனக்குச் சம்மதமா?" என்று அவளிடமே கேட்டேன்.

"சம்மதந்தான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க வந்து நில்லுங்கண்ணே" என்றாள்.

மூத்தாரை அண்ணன் என்று எங்கள் சனத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. அவள் தெரிந்துதான் கூப்பிட்டாள். நான் சரி என்றேன். சாப்பிட உட்காரச் சொன்னாள். அவளே பரிமாறினாள். மோர்க்குழம்பில் உப்புக் கூடுதல். சொன்னேன். "அங்க எத்தன வருசம் குதிர வந்து சாப்பாடு வாங்கிட்டுப் போச்சு, அது ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு அண்ணன் சீர் நான் செய்தேன். குறைவாகச் செய்கிற ஆள் நான் இல்லை. அந்த ஊர் அதை வெகுநாள் பேசியது. பெண்வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து குனிந்து கும்பிட்டபோது நேராகவே, "நல்லா இரு தாயி" என்றேன். அன்றைக்கே மலையேறிவிட்டேன். அவள் புருஷனுக்கு வேலை பெரியகுளத்தில். மலைக்குக் குடிவர வழியில்லை. நிலத்தை நீங்களே பாருங்கண்ணே என்று சொல்லி அனுப்பினாள்.

மழை விட்ட பிறகு சர்வேயர் வந்தார், மூன்று ஏக்கரை அளந்து எல்லைக்கல் நட. பட்டாக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். கீழே குடித்தனம் பண்ணுது, நான் நிற்கிறேன் என்றேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

எழுதிக்கொண்டார். சங்கிலியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். ஓடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். நாலு கல் நட்டோம். ஒரு கல் பாறைமேல் விழுகிறது, கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று கேட்டார். அது நான் முடிவு சொல்கிற காரியமில்லை. அவளைக் கேட்க வேண்டும். இப்போது நேராகவே கேட்கலாம், தடையில்லை. ஆனால் அதற்குப் பதினைந்து மைல் இறங்க வேண்டும்.

"அளந்த எடத்துலயே போடுங்க" என்றேன். பாறையைக் குடைந்து போடச் சாயங்காலமாகிவிட்டது. பனி இறங்குமுன் போக வேண்டும் என்று அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரம் கூடப் போய் வழி காட்டிவிட்டு, நான் மேலே ஏறினேன்.